ஆராதனையின் கடைசிப் பாட்டைத் தெரிவு செய்யும் விதம்

ஆராதனைக்குப் பாட்டு எடுக்கும் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்திருந்தால், கடைசிப் பாட்டை முதலில் முடிவு செய்யுங்கள். நான் இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சிறிய சபையில் பாட்டு நடத்துகிறவள். ஆரம்பப் பாட்டுக்கு எங்கள் சனம் முழுவதும் வந்து சேர்ந்திருக்காது. மேக்கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து, இறங்கி வருகிறவர்கள் இரண்டாம் பாட்டுக்குத்தான் உள்ளே நுழைவார்கள். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் இருப்பார்கள். திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போகும்போது வாயில் நிற்பதும் அந்தப் பாட்டுத்தான்.

எப்படிப்பட்ட பாட்டு வேண்டும் என்பதற்கு மத்தேயு 26:30 எனக்குப் போதும்: "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்." பஸ்கா விருந்தின் முடிவில் யூதர்கள் பாடுவது 115 முதல் 118 வரையான சங்கீதங்கள். அன்றிரவு பாடியதும் அவைதான் என்று வேத விளக்கம் எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். "கர்த்தர் என் பட்சத்தில் இருக்கிறார், நான் பயப்படேன்" என்ற வசனம் 118இல்தான் வருகிறது. அதைப் பாடிய வாயோடு இயேசு கெத்செமனேக்கு நடந்தார். நம்முடைய கடைசிப் பாட்டும் வாசலுக்கு வெளியே காத்திருக்கிற வாரத்தைச் சந்திக்கப் போகிறவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும். அன்றைய பிரசங்கத்தோடு ஒரு சொல்லாவது ஒட்டினால் இன்னும் நல்லது. ஒட்டவில்லை என்பதற்காக ஒரு நல்ல வழியனுப்பும் பாட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

மலைநாட்டுச் சபைகளுக்கு நான் முதலில் சொல்வது 121ஆம் சங்கீதம். ஞானப்பாட்டாகவோ கீர்த்தனையாகவோ உங்கள் புத்தகத்தில் எந்த வடிவத்தில் இருந்தாலும் எடுங்கள். எந்த வடிவமும் இல்லாவிட்டால், பாட்டு நடத்துகிறவர் ஒரு வசனம் சொல்ல, சபை அடுத்த வசனம் சொல்லட்டும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று ஆரம்பிக்கிறது. சமவெளியில் இருக்கிறவர்களுக்கு அது அழகான வரி. எங்களுக்கு மலை என்பது கொழுந்து எடுக்கும் இடம், வழுக்கி விழும் இடம், மழை நாளில் நாங்கள் குடியிருக்கும் லய வரிசை வீடுகளுக்குப் பின்னால் பயமுறுத்தி நிற்கும் இடம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே முதல் வசனத்தோடு நிறுத்தாதீர்கள். ஒத்தாசை "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து" வருகிறது என்று இரண்டாம் வசனம் சொல்கிறது. மூன்றாம் வசனம், "அவர் உன் காலைத் தள்ளாடவொட்டார்." ஈரப் படிக்கட்டில் கூடையைச் சுமந்து இறங்குகிற பெண்கள் அந்த வரியைப் பாடும்போது கேட்டுப் பாருங்கள். எட்டாம் வசனம்தான் வழியனுப்புகிற வசனம்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." நேரம் இல்லையென்றால் நடுவில் எதை வேண்டுமானாலும் விடலாம், எட்டை விடக்கூடாது. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் மாதத்தில் ஒரு ஞாயிறாவது இதை வையுங்கள்.

மாலை ஆராதனைக்கு லூக்கா 2ஆம் அதிகாரத்தில் உள்ள சிமியோனின் பாட்டு இருக்கிறது: "உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்." அங்கிலிக்கன் மாலை ஜெபத்தில் இதற்கு முறைப்படி ஒரு இடம் உண்டு. அடக்க ஆராதனையிலும் பெட்டியைத் தூக்கும் நேரத்தில் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

அடுத்து, ஆசீர்வாதத்துக்கு முன்பா பின்பா என்று உங்கள் போதகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு என்றால் நான்கு சரணம் பாடலாம். சனம் நின்று பாடும், பிறகு தலை குனிந்து ஆசீர்வாதம் பெறும். பின்பு என்றால் இரண்டு சரணத்துக்கு மேல் போகாதீர்கள். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் வார்த்தைகளைக் கேட்ட பிறகு மக்களை நீண்ட நேரம் நிறுத்தி வைப்பது சரியில்லை. கத்தோலிக்கத் திருப்பலி ஒழுங்கில் இறுதிப் பாட்டு என்று ஒன்று விதிக்கப்படவே இல்லை. ஆசி, அனுப்புதல், பீடத்துக்கு வணக்கம், அத்தோடு முடிவு. பாடுவது வழக்கத்தால் வந்தது. அதனால் அங்கே குரு பீடத்தை விட்டு இறங்கி வாசலுக்குப் போகும் நேரத்துக்குள் முடிகிற பாட்டாக எடுங்கள்.

அறிவித்தல்களைப் பற்றி எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. பரிசளிப்பு, சிரமதானம், சந்தா பாக்கி எல்லாம் காணிக்கைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஆசீர்வாதத்துக்குப் பிறகு ஒருவர் மைக்கைப் பிடித்தால் பாடின பாட்டு அங்கேயே போய்விடும். இதைப் பணிவாக, ஆனால் விடாமல், சபைக் கமிட்டியில் கேளுங்கள்.

சுருதி. காலைக் குளிரில் தொண்டை திறக்காது. ஒரு மணி நேரம் கழிந்தால் களைத்துப்போகும். உச்ச ஸ்வரம் இரண்டு கட்டைக்கு, அதாவது கீபோர்டில் மேல் 'டி'க்கு மேலே போகாதபடி இறக்குங்கள். பாடகர் குழுப் பெண் பிள்ளைகளுக்கு அது தாழ்வாகத் தெரியலாம். பாடப்போவது பின் வாங்கில் இருக்கும் தாத்தாவும்தான். தகரக் கூரையில் மழை கொட்டினால் ஆர்மோனியமும் கேட்காது. அப்போது முன்னால் நிற்காமல் சபையின் நடுவுக்கு வாருங்கள், கையால் தாளம் காட்டுங்கள், பல்லவி திரும்பத் திரும்ப வரும் கீர்த்தனைக்கு மாறிவிடுங்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்கும், எழுத்துத் தெரியாத ஆச்சிக்கும் கீர்த்தனைதான் கைகொடுக்கும். 1854இல் தோட்டத் தொழிலாளர்களுக்கான தமிழ்க் கூலி மிஷன் தொடங்கி, உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்த காலத்திலிருந்து எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் பாட்டைக் காதால்தான் கற்றார்கள். கச்சேரியில் மங்களம் கேட்டதும் முடிவு வந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிவதுபோல, உங்கள் சபைக்கும் பழகிய நான்கைந்து முடிவுப் பாட்டுகள் இருக்கட்டும். கடைசி இடத்தில் புதுப் பாட்டு கற்பிக்கவே வேண்டாம்.

நல்ல வார்த்தைகள் உள்ள ஞானப்பாட்டுக்குச் சபைக்குத் தெரியாத இராகம் போட்டிருந்தால் அசை (சிலபிள்) எண்ணிக்கையைப் பாருங்கள். வரிக்கு எட்டு அசையாக நான்கு வரி என்றால், 1551இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த 'ஓல்ட் ஹண்ட்ரட்' இராகத்தில் பெரும்பாலும் உட்காரும். அதைத் தெரியாத சபை குறைவு. ஆனால் வீட்டில் ஒரு தடவை பாடிப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தியும் நெடில் வர வேண்டிய இடத்தில் குறில் விழுந்து சொல் சிதைந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய ஆங்கில விடைபெறும் பாட்டுகள் பலவற்றில் கடைசிச் சரணம் மரணத்தையும் பரலோகத்தையும் பற்றியது. ஜோன் ஃபோசெட் எழுதியதாகச் சொல்லப்படும் 1773ஆம் வருடத்து 'லோர்ட், டிஸ்மிஸ் அஸ்' பாட்டும் அப்படித்தான் முடிகிறது. இளைஞர்கள் அந்தச் சரணத்தை வெட்டச் சொல்வார்கள். ஞாயிறு மத்தியானம் கைக்காசுக்கு, அதாவது அன்றன்றைய கூலிக்கு, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குளவி கொட்டுவதையும் சிறுத்தையையும் அறிந்தவர்கள். அவர்களிடமிருந்து அந்த நம்பிக்கையை மறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நடுச் சரணத்தை வெட்டுங்கள்.

யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஞாயிறு என்றால், பாட்டை அவரையே கேட்டு எடுங்கள். பல்லவியில் "என்" என்று வருவதை அன்றைக்கு மட்டும் "உன்" என்று மாற்றிச் சபை அவரைப் பார்த்துப் பாடலாம். பிள்ளைகளை விட்டுப் போகிற தாய் என்றால் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ஹட்டன், நுவரெலியா போன்ற பட்டணங்களில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்த ஆராதனை நடந்தால், ஒரே இராகத்தில் மொழிக்கு ஒரு சரணம் வையுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் பாடச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. சுதந்திர தினமான பெப்ரவரி 4ஐ ஒட்டிய ஞாயிறில் நாட்டுக்கான ஜெபப் பாட்டோடு முடிப்பது நல்ல வழக்கம். ஆங்கிலேய மிஷனரி டபிள்யூ. எஸ். சீனியர் இலங்கைக்காக எழுதிய ஆங்கிலப் பாட்டு அதற்கு ஏற்றது. 1938இல் இறந்த அவருடைய அஸ்தி ஹப்புத்தளை புனித அந்திரேயா ஆலய வளவில்தான் இருக்கிறது.

ஒரு பயிற்சிக் கொப்பியில் திகதி, பாட்டு, கட்டை, எத்தனை சரணம் பாடினோம் என்று எழுதி வாருங்கள். ஒரே பாட்டை மாதத்தில் இரண்டு தடவை கடைசியில் வைக்காமல் இருக்க அது உதவும். நீங்கள் வராத ஞாயிறில் உங்கள் இடத்தில் நிற்கிற பிள்ளைக்கும் அந்தக் கொப்பி போதும்.