பாரப் போர்வை வாங்கப் போகிறீர்களா? எடையில் இருந்து தொடங்குங்கள்

பாரப் போர்வையைச் சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் மணியோ நிரப்பியிருப்பார்கள். உடம்பில் சீராக அழுத்துவதால் பலருக்கு இறுக்கம் தளர்ந்து நித்திரை இலகுவாக வரும். கைக்குழந்தைகள், சிறுபிள்ளைகள், தானாக விலக்க முடியாதவர்கள் மேல் இதைப் போடவே கூடாது. ஆஸ்துமா, நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

எடை. உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு. 50 கிலோ ஆளுக்கு 5 கிலோ. முதல் தடவை என்றால் ஒரு கிலோ குறைத்தே எடுங்கள். கனடாவில் இருந்து கொண்டுவரச் சொல்பவர்கள் இறாத்தல் கணக்கைக் கவனியுங்கள்: 12 இறாத்தல் சுமார் 5.4 கிலோ, 15 இறாத்தல் 6.8 கிலோ.

காசு கொடுக்க முன் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தலையணை உறைகளில் 2 கிலோ வீதம் அரிசி போட்டு, வாயைக் கட்டி, தட்டையாகப் பரப்பித் தொடைகளின் மேல் வைத்துக் கால் மணித்தியாலம் படுங்கள். எரிச்சலாக இருந்தால் இந்தப் போர்வை உங்களுக்குச் சரிவராது. அதற்காக அரிசியையே நிரப்பித் தைத்துவிடாதீர்கள். வண்டு பிடிக்கும், ஈரம் பட்டால் பூஞ்சணம் வரும்.

அளவு. கட்டிலை அளக்க வேண்டாம், ஆளை அளவெடுங்கள். ஒருவருக்கு 48 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் போதும். கட்டிலுக்கு வெளியே தொங்கினால் தொங்கும் பாரமே இழுத்து, விடிய முன் போர்வை நிலத்தில் கிடக்கும்.

துணியும் மணியும். யாழ்ப்பாணப் புழுக்கத்தில் அதிகம் பிழை விடும் இடம் இதுதான். குளிர் நாட்டுக்குச் செய்த, பூனைமயிர் போல மெதுமெதுப்பான பொலியெஸ்டர் போர்வைக்குள் அரை மணித்தியாலத்தில் வியர்க்கும். மேல்துணி பருத்தியாக இருக்கட்டும். சீனி போன்ற கண்ணாடி மணி நல்லது; பிளாஸ்டிக் மணி பருமனானது, அதே எடைக்குப் போர்வை தடித்துச் சூடேறும். மணியே இல்லாமல் தடித்த நூலால் பின்னியவையும் உண்டு. காற்று நன்றாகப் போகும், ஆனால் நாளடைவில் இழுபட்டு நீளும்.

கடையில் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள். மணிகள் 'சர்' என்று ஒரு பக்கம் ஓடினால் அறைகள் பெரிது. உள்ளங்கை அளவு, அதாவது 10 முதல் 13 சென்ரிமீற்றர், சரியான அறை. தையலை விரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் ஒரு மணி ஒட்டினாலும் வாங்க வேண்டாம்.

தோய்ப்பு. கழற்றக்கூடிய உறை உள்ளதையே எடுங்கள். உறையை மட்டும் கிழமைக்கு ஒருக்கால் தோய்த்தால் போதும். நனைந்த போர்வையின் பாரத்தைப் பல வீட்டு வோஷிங் மெசின்கள் தாங்கமாட்டா. பெரிய பேசினில் கையால் அமுக்கித் தோயுங்கள். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, சுண்ணாம்போடு சேர்ந்து துணியில் படியும். அதனால் சவர்க்காரத்தைக் குறைத்து, இன்னொரு தண்ணீரில் கூடுதலாக அலம்புங்கள். கொடியில் தொங்கவிட்டால் தையல் விடும். பாயில் விரித்துப் புரட்டிப் புரட்டிக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் தோய்க்காதீர்கள், உள்ளே காயாமல் மணக்கும்.

முதல் கிழமை இடுப்புக்குக் கீழே மட்டும், 20 நிமிடம். பழகிய பிறகு தோள்வரை. கழுத்துக்கு மேல் ஒருநாளும் வேண்டாம்.