எண்ணெயில் நனைந்த பறவை கரையில் கிடந்தால்: முதல் நாள் செய்ய வேண்டியவை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகும் வலையும் கருத்தன, கூழைக்கடாக்களும் கருத்தன. மார்பில் தார் பூசியதுபோல் அவை நின்ற படங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். முதல் நாளில் செய்யவே கூடாதது அதுதான்.

காரணம் இறகில் இருக்கிறது. இறகின் நுண்கிளைகள் கொக்கி போட்டுப் பின்னிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கின்றன. எண்ணெய் பட்டால் கொக்கிகள் விட்டுப்போய், தண்ணீர் நேராகத் தோலைத் தொடும். பறவையின் உடல்சூடு சுமார் 40 டிகிரி. தண்ணீர் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவு. நடுங்கிக்கொண்டு கரையில் ஒதுங்கும் பறவை, அலகால் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கும். குடல் புண்ணாகும், உடலில் நீர் வற்றும், ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். அந்த நிலையில் கழுவினால் அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். கழுவுவதற்கு முன் குறைந்தது 24 மணி நேரம், பெரும்பாலும் 48 மணி நேரம் தேற்ற வேண்டும்.

1. முதலில் போன்

வனத்துறைக்குச் சொல்லுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி காட்டுப் பறவையை நீங்களாகப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. கடலில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. இடம், நேரம், எத்தனை பறவை, பறக்கிறதா நடக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பறக்கிற பறவையைத் துரத்தாதீர்கள். மிச்சமிருக்கும் தெம்பும் அதில் போய்விடும்.

2. பிடிப்பது

வனத்துறையினர் சொன்னால் மட்டும், இரண்டு பேராக. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். எண்ணெய் உங்கள் தோலுக்கும் ஆகாது. ஒருவர் தண்ணீருக்கும் பறவைக்கும் நடுவில் போய் நிற்கட்டும், இல்லையென்றால் அது தண்ணீருக்குள் ஓடிவிடும். மற்றவர் பழைய டர்க்கி டவலைத் தலைமேல் போட்டு, இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடிக்கலாம். கொக்கு, நாரை என்றால் முதலில் அலகைப் பிடியுங்கள், கண்ணைத்தான் குறிவைத்துக் குத்தும்.

கூழைக்கடாவும் நீர்க்காகமும் வாயால்தான் மூச்சு விடுகின்றன. அலகை டேப் போட்டு ஒட்டினாலோ இறுக்கிப் பிடித்தாலோ மூச்சு முட்டிச் சாகும். மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் ஒரு விரல் வைத்துப் பிடியுங்கள்.

3. பெட்டி

ஒரு பறவைக்கு ஒரு அட்டைப்பெட்டி. கூழைக்கடாவுக்குப் பெரிய டிவி பெட்டி வேண்டும். பக்கவாட்டில், மேலும் கீழுமாகத் துளை போடுங்கள்; எண்ணெய் ஆவி உள்ளேயே தேங்கினால் நுரையீரலைக் கெடுக்கும். அடியில் மடித்த துணி. செய்தித்தாள் வழுக்கும், கம்பிவலை காலையும் மார்பெலும்பையும் புண்ணாக்கும்.

கால்கள் சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள், மறு ஓரம் ஆறியே இருக்கட்டும். வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ தொண்டைப்பை படபடவென்று அடித்தாலோ சூடு அதிகம், பாட்டிலை எடுத்துவிடுங்கள். பிறகு இருட்டு, அமைதி. எட்டிப் பார்ப்பது, செல்ஃபி எடுப்பது எல்லாம் பறவைக்குச் சித்திரவதை.

4. செய்யக்கூடாதவை

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், சலவைத்தூள் எதுவும் இறகில் படக்கூடாது. மீன், பால், சோறு ஊட்டாதீர்கள். கண்ணிலும் வாயிலும் உள்ள எண்ணெயை மட்டும் சலைனில் நனைத்த காஸ் துணியால் ஒற்றியெடுக்கலாம். குழாய் வழியாக ஓ.ஆர்.எஸ். கொடுப்பது கால்நடை மருத்துவர் வேலை; குழாய் மூச்சுக்குழலுக்குள் போனால் முடிந்தது.

செத்த பறவையை அப்படியே விட்டால் காகமும் செம்பருந்தும் நாயும் தின்னும். புதைக்காமல் கணக்கில் சேர்த்து வனத்துறையிடம் கொடுங்கள். எண்ணெய் பட்ட துணி, கையுறையை மூடிய டிரம்மில் போடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமை எண்ணெயில் சிக்கினால் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். நிழலில் வைத்து, மூக்குத் துவாரத்தை விட்டுவிட்டு ஈரத்துணி போடுங்கள். (வேடிக்கைபோல் இருக்கும்: ஆமை விழுங்கிய எண்ணெயை வெளியேற்ற மருத்துவர்கள் மயோனைஸ் கொடுத்திருக்கிறார்கள்.)

5. கழுவுமிடத்தில் உதவப் போகிறீர்கள் என்றால்

தண்ணீர் 40, 41 டிகிரி. வெப்பமானி வேண்டும், கை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. பத்து லிட்டருக்கு 200 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம். வரிசையாகப் பல தொட்டிகள்: ஒன்று கருத்ததும் பறவை அடுத்ததற்குப் போகும், தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை. இறகைத் தேய்க்கக்கூடாது, அடியிலிருந்து தண்ணீரை அள்ளி, இறகு வளர்ந்த திசையில் வழியவிட வேண்டும். தலைக்கு மிருதுவான டூத் பிரஷ். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள், அதுவும் எண்ணெய்க் கழிவுதான்.

புதியவர்கள் சறுக்குவது அலசுவதில். கழுவுவதைவிட இதற்கு நேரம் கூட. சோப்பு மிச்சமிருந்தால் அதுவும் எண்ணெய்போலவே இறகை நனையவைக்கும். ஷவரை இறகுக்குள் செலுத்தி அலசிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் தண்ணீர் சேம்பிலையில் உருள்வதுபோல் முத்து முத்தாக உருண்டோடும். உருளாத இடத்தில் சோப்பு இருக்கிறது.

எல்லா இடத்திலும் அலசியும் உருளவில்லையா? தண்ணீரைச் சந்தேகியுங்கள். சென்னை போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை இறகில் உப்புப் படிகமாக ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 50 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும், ஆர்.ஓ. தண்ணீரோ மென்னீராக்கியோ தேவைப்படும். ஒரு கூழைக்கடாவுக்கே ஆயிரம் லிட்டர்வரை ஆகும் என்பதால் லாரித் தண்ணீரை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

துடைக்காமல், வெதுவெதுப்பான காற்றில் உலரவிட்டு, பிறகு சிறு குளத்தில் விடுவார்கள். பறவை தானே கோதிக் கோதி இறகுகளை மறுபடி கொக்கியிட்டுக்கொள்ளும். கரையேறியதும் மார்பு இறகைப் பிரித்து அடியிலுள்ள தூவியைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மறுநாளும் குளம். ஈரமாக இருந்தால் மறுபடி அலசல்தான்.