தெற்கத்திக் கேம்பஸில் ஸ்னோ விழும் நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தெற்கே டெக்சஸ், ஜார்ஜியா, லூசியானா பக்கம் படிக்கப் போகிறவர்கள் வெயிலுக்குத் தயாராகத்தான் போகிறார்கள். வடக்கே சிகாகோவுக்குப் போகிறவர் வாங்கும் பூட்ஸும் தடித்த ஜாக்கெட்டும் இவர்களிடம் இருக்காது. ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை அங்கேயும் ஸ்னோ கொட்டும். டுலேன் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஆர்லியன்ஸில் 2025 ஜனவரி 21 அன்று சுமார் 8 அங்குலம் விழுந்தது. அந்த ஊர் விமான நிலையப் பதிவில் அதற்கு முந்தைய உச்சம் 1963-இல் விழுந்த 2.7 அங்குலம்தான்.

இப்படி ஒரு நாள் வந்தால் வகுப்பு ரத்து என்று மெசேஜ் வரும், கேம்பஸ் திருவிழாக் கோலம் பூணும். மெஸ் தட்டையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சரிவில் சறுக்கக் கிளம்புவார்கள். நீங்களும் போங்கள், மரமும் விளக்குக் கம்பமும் இல்லாத சரிவாகப் பாருங்கள், தலை முன்னால் போகப் படுக்காதீர்கள், காருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். கேம்பஸ் குளம் உறைந்தது போலத் தெரிந்தாலும் கால் வைக்க வேண்டாம். ஓரிரு நாள் குளிரில் ஆளைத் தாங்கும் ஐஸ் உருவாகாது. ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும் நனைந்தால் உடனே உள்ளே வந்து மாற்றிவிடுங்கள். சறுக்கலைப் பற்றி இவ்வளவு போதும். பெரிய தவறுகள் ரோட்டிலும் வீட்டிலும்தான் நடக்கின்றன.

முதல் தவறு, "ரெண்டு இஞ்ச்தானே" என்பது. வடக்கே மிச்சிகனில் படிக்கும் நண்பன் போனில் சிரிப்பான், "இதுக்கெல்லாமா லீவு?" என்பான். அவன் ஊரில் விடிவதற்குள் பனியை வாரும் லாரிகள் வந்துவிடும், உப்பு தூவியிருப்பார்கள், வண்டியில் குளிர்கால டயர் இருக்கும். தெற்கில் இதெல்லாம் மிகக் குறைவு. 2014 ஜனவரி 28 அன்று ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் விழுந்தது மூன்று அங்குலம்கூட இல்லை. ஆனால் நண்பகல் வாக்கில் பள்ளி, ஆபீஸ், அரசு அலுவலகம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. மொத்த ஊரும் ரோட்டுக்கு வந்தது. டயர்களுக்கு அடியில் நசுங்கி உருகிய பனி மறுபடி ஐஸாக இறுகியது. ஆயிரக்கணக்கானோர் ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்தார்கள், பிள்ளைகள் பள்ளியிலேயே படுத்தார்கள். அதனால் கிளம்புவதென்றால் பனி தொடங்குமுன் கிளம்ப வேண்டும். தொடங்கிவிட்டதா? லைப்ரரியோ லேபோ, இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுங்கள்.

வெள்ளையாகத் தெரிந்தால்தான் ஆபத்து என்று நினைப்பது அடுத்தது. 2021 பிப்ரவரி 11 காலையில் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஸ்னோவே இல்லை, ரோட்டில் விழுந்ததும் ஐஸாக உறையும் தூறல்தான். நெடுஞ்சாலையில் 133 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 6 பேர் இறந்தார்கள். சாதாரண ரோட்டுக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சம் இருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுதான், ஆகவே பாலங்கள் முதலில் உறையும். டல்லாஸ் பக்கம் உயர உயரமாக இருக்கும் மேம்பாலங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கரத்துக்கும் இழுவை இருக்கிற வண்டி கிளம்புவதற்குத்தான் உதவும். ஐஸில் பிரேக் பிடிக்க அதனால் பெரிய பயன் இல்லை.

மறுநாள் வெயில் அடித்ததும் எல்லாம் முடிந்தது என்று கிளம்புகிறவர்களும் உண்டு. என் கணக்கில் இரண்டாம் நாள்தான் மோசம். பகலில் உருகியது ராத்திரி உறைந்து, கண்ணாடி போல ரோட்டோடு ஒட்டிக்கிடக்கும். பார்க்க வெறும் ஈரம் மாதிரி இருக்கும். தெற்கத்தி அபார்ட்மென்ட்களில் மாடிப்படி பெரும்பாலும் திறந்த வெளியில்தான், அங்கே வழுக்கி விழுந்தால் கையோ இடுப்போ போகும். சிறு சிறு அடியாக, பாதத்தை முழுசாக ஊன்றி, ஜாக்கெட் பையிலிருந்து கையை வெளியே எடுத்து நடங்கள். படியில் வெந்நீர் ஊற்றுவது நம் ஊர்க்காரர்களுக்கு உடனே தோன்றும் வைத்தியம். ஊற்றிய நீரே கொஞ்ச நேரத்தில் புது ஐஸாகும். கார்க் கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். படிக்கு மணலோ பூனை மலம் கழிக்கும் தட்டில் போடும் துகளோ (கேட் லிட்டர்) தூவலாம், கண்ணாடியைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டலாம்.

வீட்டுக்குள் இருந்துவிட்டால் பிரச்சனை இல்லை என்பதையும் நம்பாதீர்கள். 2021 பிப்ரவரி நடுவில் டெக்சஸில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. டல்லாஸ் விமான நிலையத்தில் குளிர் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை போனது. மாநில அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். அங்கே வீடு கட்டுவது கோடையை மனதில் வைத்து. தண்ணீர்க் குழாய்கள் பரணிலும் வெளிச்சுவருக்குள்ளும் ஓடும், மேலே போர்த்திய உறை ஏனோதானோ என்றிருக்கும்.

உறைபனி எச்சரிக்கை வந்ததும் குழாய்களை மெல்லிய நூலாக ஒழுக விடுங்கள், வெந்நீர்க் குழாயையும் சேர்த்து. வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கை முதலில் கவனியுங்கள். அதன் அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறையின் சூடு குழாய்க்குப் போகும். தண்ணீரை மொத்தமாக மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். குழாய் வெடித்த பிறகு செல்போன் வெளிச்சத்தில் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் தேடுவதில் அறை நனைந்துவிடும்.

நம் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு ஒன்று உண்டு. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போவது. அந்த இடைவெளியில் குளிர் வந்தால் குழாய் உறைந்து வெடித்து, கீழ்வீட்டுக் கூரை வழியாகத் தண்ணீர் இறங்கும். ஹீட்டரை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 13 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில், வைத்துவிட்டுப் போங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

கரண்ட் போனதும் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது, கரி கிரில்லை உள்ளே கொண்டுவருவது, கராஜுக்குள் கார் இன்ஜினை ஓடவிட்டு உட்காருவது: இந்த மூன்றும் உயிரை எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்றுதான் ஆரம்பிக்கும், தூக்கம் வருகிறது என்று படுத்துவிடுவார்கள். ரூம்மேட்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே வெளியே வந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். குளிருக்கு ஒரே அறையில் எல்லாரும் சேர்ந்து, கதவிடுக்கில் துண்டை அடைத்து, இருக்கிற போர்வையெல்லாம் போர்த்திக்கொள்வதே மேல்.

சாப்பாட்டுக்கு அரிசி மூட்டை இருக்கிறது என்று தைரியமாக இருக்கவும் முடியாது. பல அபார்ட்மென்ட்களில் அடுப்பே மின்சாரத்தில்தான், குக்கர் விசில் அடிக்காது. அவல், பொரி, ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பழம் என்று அடுப்பு கேட்காதவையாகப் பார்த்து இரண்டு நாள் முன்னதாகவே வாங்குங்கள், கடைசி நாளில் ரேக் காலியாக இருக்கும். பக்கெட்களில் தண்ணீர் பிடித்து வையுங்கள். 2021-இல் டெக்சஸின் ஆஸ்டின் நகர் முழுவதற்கும் குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கரண்ட் இல்லாதவன் எதில் கொதிக்கவைப்பான்?

அப்புறம், கேம்பஸ் மூடியது என்றால் அங்கே நீங்கள் பார்க்கும் வேலையும் ரத்து என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மெஸ், ஹாஸ்டல் போன்ற இடங்களில் சிலரை வரச் சொல்வதுண்டு, வகுப்பு ஆன்லைனுக்கும் மாறலாம். மேற்பார்வையாளருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். பல்கலைக்கழக அவசரச் செய்தி உங்கள் இந்திய நம்பருக்கா அமெரிக்க நம்பருக்கா வருகிறது என்று சரிபாருங்கள்; வந்த புதிதில் கொடுத்த நம்பரை மாற்ற மறந்தவர்கள் நிறையப் பேர்.

பனி உருகும் நாளில்தான் உடைந்த குழாய் வெளியே தெரியும். கூரையில் ஈரக்கறை கண்டால் வால்வை மூடி, போட்டோ எடுத்து, அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். லேப்டாப்புக்கும் துணிமணிக்கும் வீட்டுக்காரரின் காப்பீடு பொறுப்பேற்காது. வாடகைக்கு இருப்பவருக்கான காப்பீடு தனியாக இருக்கிறது, குளிர்காலத்துக்கு முன்பே எடுத்து வையுங்கள்.