வியட்நாமிய பேக்கரிக்கு முதல்முறை போகிறீர்களா? என்ன வாங்கலாம், எப்படிக் கேட்கலாம்

நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்களில் பாதிப்பேர் பழைய நகரப் பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் பெனே (சர்க்கரைத் தூள் தூவிய பொரித்த பலகாரம்) தின்று, சட்டையெல்லாம் சர்க்கரைத் தூளோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கார் இருந்தால் கிழக்கே செஃப் மென்ட்டூர் நெடுஞ்சாலையில் ஏறி டோங் ஃபுவாங் பேக்கரிக்குப் போய் வாருங்கள். 1975-இல் வியட்நாம் போர் முடிந்து சைகோன் வீழ்ந்தபின் வந்த வியட்நாமியர்கள் பலர் அந்தப் பக்கம்தான் குடியேறினார்கள். கடை 1982-இல் தொடங்கியது, 2018-இல் அமெரிக்காவின் பெரிய உணவு விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதும் வாங்கிவிட்டது, ஆனால் இன்னும் பேட்டைக் கடை மாதிரிதான் இருக்கும்.

காலையிலேயே போங்கள். முதலில் சாண்ட்விச் சொல்லிவிட்டு, அது தயாராகும் நேரத்தில் அலமாரிப் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

சாண்ட்விச்சுக்குப் பெயர் பான் மீ, அந்த ஊரின் சொந்த சாண்ட்விச்சான போ பாயை வைத்து வியட்நாமிய போ பாய் என்றும் சொல்வார்கள். ரொட்டி பிரெஞ்சுக்காரன் கற்றுக்கொடுத்தது, ஆனால் பாரிஸின் நீள ரொட்டியான பாகெட் போலத் தாடையை வலிக்க வைக்காது. மேல் தோல் மெல்லிசாக நொறுங்கும், உள்ளே பஞ்சு. அதில் மயோனைஸும் பேட்டேயும் (ஈரலை அரைத்த விழுது, பெரும்பாலும் பன்றி ஈரல்) தடவி, இறைச்சி, வெள்ளரி, கொத்தமல்லி, பச்சை மிளகாய், அப்புறம் புளிப்பும் இனிப்புமாக ஊறிய கேரட், முள்ளங்கி. ‘டாக் பியட்’ என்றால் ஸ்பெஷல், பன்றி இறைச்சி வகைகள் எல்லாம் அதில் உண்டு. பன்றி வேண்டாமென்றால் ‘கா’, அதாவது கோழி. ஆனால் பேட்டே தடவ வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள், கோழி சாண்ட்விச்சிலும் சில கடைகளில் தடவிவிடுவார்கள். சைவம் என்றால் ‘சாய்’, பெரும்பாலும் டோஃபு இருக்கும். அதிலும் மீன் சாஸ் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது, மயோனைஸில் முட்டை இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது அலமாரி. பாத்தே சோ நம்மூர் பப்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி, உள்ளே பெரும்பாலும் பன்றிக்கொத்து; பிரெஞ்சில் ‘பாத்தே ஷோ’ என்றதுதான் வியட்நாமிய வாயில் இப்படி ஆனது. சு கெம் என்றால் கிரீம் பஃப், உள்ளே கிரீம் அடைத்த உப்பலான பிரெஞ்சுப் பலகாரம். பான் ஸா லொன் என்று ஒன்று இருக்கும், பெயருக்குப் பன்றித்தோல் பலகாரம் என்று பொருள், கேட்டதும் ஓடிவிடாதீர்கள்! பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், ரம்பை (பாண்டன்) இலைச் சாறு, மாவு, சர்க்கரை, அவ்வளவுதான், வேகவைத்து அடுக்கடுக்காக எடுப்பார்கள். பன்றி எதிலும் இல்லை. அந்தக் கடையோ வேறு கடையோ, எங்கே கண்டாலும் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

குடிக்க ஐஸ் காபி கிடைத்தால் விடாதீர்கள். கன்டென்ஸ்டு மில்க் ஊற்றுவார்கள், டிகாஷன் நம் ஃபில்டர் காபியை விடக் ஸ்ட்ராங்காக இருக்கும், சர்க்கரை கேட்க வேண்டியதில்லை.

ஜனவரி 6 முதல் மார்டி கிரா திருவிழா வரை கிங் கேக் காலம், அந்தப் பண்டிகைக்கென்றே செய்யும் கேக் அது. அப்போது கும்பல் சொல்லி மாளாது, முன்பதிவு செய்யாமல் கிங் கேக்கை நம்பிப் போகாதீர்கள்.

வெறும் ரொட்டியும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் செருப்புத் தோல்தான், நான் பட்டாயிற்று. மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான ஓவனில் 5 நிமிடம் வைத்தால் மறுபடி நொறுங்கும்.