வற்றிய அமராவதியில் பழங்காசு தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் அமராவதி வற்றியதும் கரூர்ப் பக்கம் சல்லடையோடு ஆற்றுக்குள் இறங்குபவர்கள் உண்டு. வில் அம்பு பொறித்த சேரர் செப்புக்காசு, மாக்கோதை, கொல்லிப்புறை என்று தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் சேர மன்னர் பெயர் தாங்கிய காசு, அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக்காசு எனப் பலவும் இந்த ஆற்றுப்படுகையில் கிடைத்திருக்கின்றன. சங்ககாலச் சேரர்களின் நாணயங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு இந்த மணல் கொடுத்ததுதான். கிடைக்காமல் போனதைவிட, கிடைத்த பிறகு கைபட்டுக் கெட்டுப்போனதை நினைத்தால்தான் மனம் ஆறுவதில்லை.

நடு ஆற்று வெள்ளை மணலைத் தோண்டுவது

இறங்கியவுடன் மணல் மெத்தென்று இருக்கும் இடத்தில் குழி போடுவது வீண் வேலை. மணலின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு. செம்பு கிட்டத்தட்ட 9, வெள்ளி 10.5, தங்கம் 19. வெள்ளத்தில் படுகை முழுவதும் குலுங்கும்போது கனமானவை மணலுக்குள் இறங்கிக்கொண்டே போய், கூழாங்கல் அடுக்கிலோ பாறையிலோ தட்டி நிற்கும். மேலே கிடக்கும் சுத்தமான மணல் கடைசி வெள்ளம் கொண்டுவந்து கொட்டியது. அதில் பாட்டில் மூடிதான் கிடைக்கும்.

நீரின் வேகம் எங்கே திடீரென்று குறைகிறதோ அங்கே பாருங்கள். பெரிய பாறைக்குக் கீழ்ப்புறம், நீரோட்டத்துக்குக் குறுக்காக ஓடும் பாறை வெடிப்பு, ஆறு வளையும் இடத்தில் உள்வளைவு மணல்திட்டின் மேல்முனை ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. வெளிவளைவில் கதை வேறு. அங்கே ஆறு கரையை அரிக்கும். கரைக்குள் பழைய குடியிருப்பு மண்ணடுக்கு இருந்தால் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் மணிகளும் அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும். உதிர்ந்ததைப் பார்க்கலாம், கரையைக் குடையக் கூடாது. கலையாமல் மிச்சமிருக்கும் வரலாறு அந்தக் கரைக்குள்தான் இருக்கிறது. அதோடு, குடைந்த கரை அடுத்த வெள்ளத்தில் பக்கத்து வயலையும் இழுத்துக்கொண்டு போகும்.

நல்ல இடத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. கருமணல் கோடாகத் தெரிந்து, அதிலேயே துருப்பிடித்த ஆணியும் ஈயத்துண்டும் சேர்ந்து கிடந்தால், கனமான பொருள்கள் அங்கே தங்குகின்றன என்று அர்த்தம். இயந்திரம் வைத்து மணல் அள்ளிய பள்ளங்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே அடுக்கெல்லாம் தலைகீழாகிவிட்டது.

கொத்தனார் சல்லடை

பூச்சு வேலைக்குச் சலிப்பவர்கள் ஓட்டையில் நிற்பதைத் தூர எறிவார்கள். ஜல்லி சலிக்கும் சல்லடையோ சின்னக் காசைக் கீழே விட்டுவிடும். பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளில் சில ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மேலே 12 மில்லிமீட்டர், கீழே 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரண்டு சல்லடைகளை அடுக்கி, ஒரு தடவைக்கு அரைச் சட்டி மணல் மட்டும் போடுங்கள். ஈர மணல் கண்ணை அடைக்கும். காயவிட்டுச் சலிக்கலாம், அல்லது தேங்கிய நீரில் அலசலாம். மேல் சல்லடையில் நிற்கும் களிமண் கட்டிகளை உடனே கொட்டிவிடாதீர்கள். ஒரு வாளி நீரில் ஊறப்போட்டால் தானாகக் கரையும், உள்ளே இருப்பது அடிபடாமல் வெளியே வரும்.

காந்தம் வைத்துக் காசு தேடுபவர்களுக்கு இன்றைய எஃகு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்தான் ஒட்டும். செம்பு, வெள்ளி, தங்கம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஆணியையும் கம்பியையும் பிரித்தெடுக்க மட்டும் அது உதவும்.

ஆழக் குழியும் அணைத் தண்ணீரும்

காய்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவுக்குமேல் நிற்காது. ஈரம் இருக்கும்வரை செங்குத்தாக நிற்கும். வெயில் ஏறி ஈரம் போனதும் சொல்லாமல் சரியும். இடுப்பளவுக் குழியில் குனிந்திருப்பவர் மூச்சுமுட்டிப் போக அதுவே போதும். முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். பழைய மணல் பள்ளங்களில் வண்டல் நிறைந்து மேலே காய்ந்த ஏடு படிந்திருக்கும்; கால் வைக்குமுன் கம்பால் குத்திப் பாருங்கள். சாயக்கழிவால் கெட்டுப்போன ஆறு இது, தேங்கிய நீரில் வெறுங்கையை விட வேண்டாம்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே உள்ள அமராவதி அணையில் நீர் திறப்பதாக அறிவிப்பு வந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் இறங்குவது இதைவிடப் பெரிய தவறு. கரூரில் வானம் வெளுத்திருந்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். ஓடும் நீர் கலங்கி, சருகும் நுரையும் மிதந்து வந்தால் சல்லடையை விட்டுவிட்டுக் கரை ஏறுங்கள்.

புளி, எலுமிச்சை, கம்பி பிரஷ்

அதிகம் பாழாவது இங்கேதான். ஆற்றில் கிடந்த செப்புக்காசின் மேல் பச்சையாக, கறுப்பாக ஒரு தோல் படிந்திருக்கும். பல காசுகளில் எழுத்தும் உருவமும் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கின்றன. அடியில் உள்ள உலோகம் எப்போதோ அரிக்கப்பட்டுவிட்டது. குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் தோலோடு எழுத்தும் போய், கையில் செம்பு நிறத்தில் ஒரு மொட்டைத் தகடு மிஞ்சும். யானை தெரிந்த காசில் நான்கு காலின் நிழல்கூட மிஞ்சாது. எலுமிச்சை, வினிகர், கழிப்பறை அமிலம், சோடா உப்பு எல்லாம் இதே வகைதான்.

காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் மூங்கில் குச்சியால் தள்ளுங்கள். போதும். வெளிர்பச்சை மாவாக ஒரு தூள் பூத்து, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தால், அது குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் வளரும். நன்றாக உலர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு தனியாக வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள். பிவிசி உறையுள்ள ஆல்பம் வேண்டாம், அதிலிருந்து கசியும் அமிலம் காசைத் தின்னும்.

எங்கே கிடைத்தது என்று எழுதாமல் விடுவது

ஆற்றில் அடித்துவரப்பட்டதுதானே, இடத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பார்கள். ஒரே வளைவில் ரோமானியக் காசும் சேரர் காசும் மணியும் அடுத்தடுத்துக் கிடைத்தால், மேலே எந்தக் கரை அரிக்கப்படுகிறது என்று ஆய்வாளர் தேட அதுவே துப்பு. எடுப்பதற்குமுன் அளவுகோல் வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். இருப்பிடத்தைச் சேமித்து, தேதி, ஆழம், கூடக் கிடந்தவை ஆகியவற்றைப் பென்சிலால் காகித உறையில் எழுதி, உறைக்கு ஒரு காசு என்று போடுங்கள்.

கிடைத்தது எனக்குத்தான் என்று நினைப்பது

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, கிடைத்த இடம், தேதி. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். கண்டெடுத்தவருக்குச் சட்டம் தரும் பங்கும் போய்விடும். வழி தெரியாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ போகலாம். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நூறு ஆண்டைத் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். உரிமம் இல்லாமல் அவற்றை விற்கும் தொழில் நடத்த முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இணையத்தில் படம் போட்டு விலை கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.