மின்சார கார் வாங்கப் போகிறீர்களா? 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஷோரூமுக்குள் நுழைந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். 400 என்றால் யோசிக்கிறார்கள், 500 என்றால் முகம் மலர்கிறது. நம் சிங்கப்பூர்த் தீவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிழக்கிலிருந்து மேற்கு வரை சுமார் 50 கிலோமீட்டர். இருப்பதிலேயே நீளமான விரைவுச்சாலையான பிஐஇ 43 கிலோமீட்டர்கூட இல்லை. வேலைக்குப் போய்வர என்றால், இன்று ஷோரூமில் நிற்கும் ஏறக்குறைய எந்த மின்சார காரும் ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும். ஆனாலும் வாங்கிய பிறகு அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் கேட்க வேண்டிய மற்ற கேள்விகளை அவர்கள் கேட்கவில்லை.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். பிஒய்டி அட்டோ 3 காரின் 60 யூனிட் (யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி மின்சாரம்) பேட்டரிக்கு ஓரிடத்தில் 480 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், இன்னோரிடத்தில் 420. இரண்டுமே பொய்யில்லை. 480 என்பது என்இடிசி என்ற பழைய சோதனை முறையில் வந்தது, 420 என்பது ஐரோப்பாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த, சாலை நிலவரத்துக்குக் கொஞ்சம் நெருக்கமான டபிள்யூஎல்டிபி முறையில் வந்தது. சீனாவின் சிஎல்டிசி எண்ணும் பெரும்பாலும் தாராளமாகத்தான் இருக்கும். ஒரு காரின் என்இடிசி எண்ணையும் இன்னொரு காரின் டபிள்யூஎல்டிபி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதுதான் அதிகம் ஓடும் என்று முடிவு கட்டாதீர்கள். எந்த முறை என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையா, பேட்டரி எத்தனை யூனிட் என்று கேளுங்கள், மீதியை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

நார்வேயிலோ கனடாவிலோ பனியில் ஓட்டி, பாதி தூரத்திலேயே பேட்டரி இறங்கிவிட்டது என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பயப்படுவதும் வேண்டாத வேலை. குளிர் பேட்டரியைப் பாதிக்கும், உண்மைதான், ஆனால் நமக்குக் குளிர்காலமே கிடையாது. விரைவுச்சாலையில் 90க்கு மேல் அனுமதியும் இல்லை. நெரிசலில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் கார் எண்ணெயைக் குடிக்கும், மின்சார காரோ வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சக்தியில் ஒரு பங்கைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. ஏர்கான்? ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட், கடும் வெயிலில் இன்னும் கொஞ்சம் கூட. அதாவது ஆறேழு கிலோமீட்டர் தூரம் குறையும். அதற்காக வியர்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை.

அப்புறம் கணக்கு. நிறையப் பேர் வீட்டிலிருந்து அலுவலகம் வரை மட்டும் அளக்கிறார்கள். ஒரு நாளை விட்டுவிட்டு ஒரு வாரத்தை எடுங்கள். பொங்கோலில் வீடு, துவாஸில் வேலை என்று வைத்துக்கொள்வோம், போக 40, வர 40. ஐந்து நாளுக்கு 400. பிள்ளையின் துணைப்பாட வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தை, கோயில், அம்மா வீடு எல்லாம் சேர்த்து இன்னொரு 60. மொத்தம் 460. நடுத்தர அளவு காருக்கு 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் என்று பிடித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 74 யூனிட். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டைகளில் பரவலாக இருக்கும் 7.4 கிலோவாட் மின்னூட்டியில் இது பத்து மணி நேரம், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் பதினொன்று. ஆக, தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தினமும் போகிறவருக்கே வாரத்தில் இரண்டு இரவு போதும். (தனியார் வாடகை கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் ஒரே நாளில் 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டிவிடுவார்கள்.)

அந்த இரண்டு இரவும் உங்களுக்குக் கிடைக்குமா? என்னைக் கேட்டால், கார் வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டிய கேள்வி இதுதான். 2024இல் பதிவான புதிய கார்களில் மூன்றில் ஒன்று மின்சார கார். 2030க்குள் தீவு முழுக்க 60,000 மின்னூட்ட முனைகள் என்பது அரசாங்கத்தின் இலக்கு, வீவக பேட்டைகளிலும் வேகமாகப் பொருத்தி வருகிறார்கள், ஆனால் உங்கள் புளோக்குக்குக் கீழே இருப்பது ஒரு சில முனைகள்தான், அதற்குப் போட்டி போடுவது உங்கள் அக்கம்பக்கத்தார். செயலியில் பச்சை நிறத்தில் காட்டுகிறதே என்று மத்தியானம் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால், வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு வெவ்வேறு நாட்களில் கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள். இடம் காலியாக இருக்கிறதா, சார்ஜ் முடிந்த கார்கள் நகராமல் கிடக்கின்றனவா, சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காவிட்டால் தனிக் கட்டணம் உண்டா, அது இரவிலும் ஓடுமா? நள்ளிரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து காரை நகர்த்துகிற வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று இப்போதே யோசியுங்கள். அலுவலகத்திலோ வாரந்தோறும் போகும் கடைத்தொகுதியிலோ மாற்று வழி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் கேட்டு, மின்னூட்டி வருகிறதா, எப்போது என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மின்னூட்டியில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தால் கார் அந்த வேகத்தில் சார்ஜ் ஆகிவிடாது. மெதுவான ஏசி முனையில் வேகத்தை முடிவு செய்வது காருக்குள் இருக்கும் சார்ஜர். அது 7 கிலோவாட் என்றால் 7தான். வேகமான டிசி முனையிலும் 80 விழுக்காட்டைத் தாண்டினால் வேகம் சட்டென்று குறையும்.

பேட்டரி வகையையும் கேளுங்கள். எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட் வகை) என்றால் 100 விழுக்காடு வரை ஏற்றலாம், வாரம் ஒரு முறையாவது ஏற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை) என்றால் தினசரி 80க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்படியானால், அடியில் 20 விழுக்காட்டைக் கையிருப்பாக விட்டால், 400 கிலோமீட்டர் காரில் 20க்கும் 80க்கும் நடுவே உங்கள் கையில் இருப்பது 240.

கோலாலம்பூர் போவதற்காகவே பெரிய பேட்டரி வாங்குகிறவர்களும் உண்டு. சுமார் 350 கிலோமீட்டர், அங்கே நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம், அந்த வேகத்தில் யூனிட் மளமளவென்று இறங்கும், சரி. ஆனால் பாகோ, தங்காக் பக்கம் நெடுஞ்சாலையிலேயே வேக மின்னூட்டிகள் இருக்கின்றன, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஓரளவு ஏறிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று பயணத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் வெள்ளி கொடுத்து, அந்தக் கனத்தைத் தினமும் துவாஸுக்குச் சுமக்க வேண்டுமா?

சில ஆண்டுகளில் பேட்டரி செத்துவிடும் என்ற பயமும் அளவுக்கு மீறியது. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டு, பெரும்பாலான நிறுவனங்களின் பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். பழைய கார் வாங்கினால் மட்டும் கதை வேறு. முன்பு வைத்திருந்தவர் எப்படிச் சார்ஜ் போட்டார் என்பது மீட்டரில் தெரியாது, அதனால் பேட்டரி எத்தனை விழுக்காடு நலமாக இருக்கிறது என்ற பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். உத்தரவாதத்தில் எத்தனை ஆண்டு மிச்சம், அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.