ரஸ்ட்ல டிராப் ஆகற நேரத்தை குறைக்கறது எப்படி? சேலத்து சேகோ மில்லுல கத்துகிட்டது

ஆத்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லோட எடைமேடைக்கு ரஸ்ட்ங்கற ப்ரோகிராமிங் மொழில ஒரு சாப்ட்வேர் எழுதி குடுத்திருக்கேன். கிழங்கு சீசன்ல லாரி வரிசை கட்டி நிக்கும், எடை நின்னதும் டக்குனு சீட்டு விழணும். எல்லாம் நல்லாதான் ஓடுச்சு, ஆனா ஷிப்ட் மாறும்போது மட்டும் ஸ்க்ரீன் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுடும், அந்த நேரம் மேடைல ஒரு லாரி இருந்தா டிரைவர் எட்டி எட்டி பார்ப்பாரு. டேட்டாபேஸ், பிரிண்டர்னு ரெண்டு நாள் தேடினேன். கடைசில பார்த்தா ஷிப்ட் கணக்கு மூடற பங்ஷனோட கடைசி அடைப்புக்குறிலதான் நேரம் போயிருக்கு, அங்கதான் அந்த ஷிப்ட்டோட லட்சக்கணக்கான எடை ரீடிங்கும் ஒண்ணொண்ணா டிராப் ஆகுது. டிராப்னா, ஒரு வேரியபிளோட வேலை முடிஞ்சதும் அது பிடிச்சிருந்த மெமரிய ரஸ்ட் தானா விடறது.

அதனால முதல் வேலை அளக்கறது. ரிலீஸ் பில்டுல மட்டும் அளங்க, டீபக் பில்டு நம்பரை நம்பாதீங்க. சந்தேகப்படற வேரியபிளை நீங்களே டிராப் பங்ஷனுக்கு குடுத்து, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இன்ஸ்டன்ட் (நேரம் அளக்கற டைப்) வெச்சா போதும். லினக்ஸ்ல பெர்ஃப்னு நேரம் எங்க போகுதுன்னு காட்டற டூலை ஓட்டினா டிராப் இன் பிளேஸ், ஃப்ரீ மாதிரி பேருங்க மேல வந்து நிக்கும்.

என் ரீடிங் ஸ்ட்ரக்ட்ல லோட்செல் (எடைமேடைக்கு அடில இருக்கற எடை சென்சார்) பேரை ஸ்ட்ரிங்கா வெச்சிருந்தேன். மொத்தமே நாலு லோட்செல்தான், ஆனா ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஹீப்ல தனியா ஒரு மெமரி துண்டு, விடும்போதும் ஒவ்வொண்ணையும் தனியா மெமரி பிரிச்சு குடுக்கற அலோகேட்டர்கிட்ட திருப்பி குடுக்கணும். அதை இனம் (enum), அதாவது நாலுல எதுன்னு மட்டும் சொல்ற டைப்பா மாத்தினதும் ஸ்ட்ரக்ட்ல டிராப் பண்ண வேண்டியதே எதுவும் இல்லாம போச்சு, இப்ப ரீடிங் எல்லாத்தையும் வரிசையா வெச்சிருக்கற வெக்டர் போகும்போது ஒரே ஒரு பஃபர்தான் ஃப்ரீ ஆகுது, லூப்பே கிடையாது. என்னை கேட்டா மத்த எந்த வித்தையும் இதுக்கு ஈடாகாது, டிராப்பை வேகப்படுத்தறதுக்கு முன்னாடி டிராப்பே தேவைப்படாத மாதிரி டேட்டாவை மாத்த முடியுமான்னு பாருங்க.

அடுத்தது, தொட்டிய காலி பண்றது வேற, தொட்டியவே இடிக்கறது வேற. மில்லுல மாவுப்பால் தெளிய விடற தொட்டிய தினமும் கழுவி திரும்ப அதுலயேதான் பால் விடுவாங்க, யாரும் புதுசா கட்ட மாட்டாங்க. வெக்டருக்கு கிளியர் போட்டா உள்ள இருக்கறது மட்டும் போகும், கெப்பாசிட்டி, அதாவது பிடிச்சு வெச்சிருக்கற இடம், அப்படியே இருக்கும். மெம் டேக் போட்டா பழைய வெக்டர் வெளிய வந்துடும், அந்த இடத்துல கெப்பாசிட்டி இல்லாத புது வெக்டர் உக்காரும், அது மறுபடி முதல்ல இருந்து வளரணும். ஒரு நாள் மட்டும் அளவுக்கு மீறி பெருத்துட்டா ஷ்ரிங்க் டூ போட்டு ஒரு அளவுக்கு இறக்கிக்கலாம், ரஸ்ட் 1.56 வெர்ஷன்ல இருந்து ஸ்டேபிள்ல இருக்கு.

நீங்களே அன்சேஃப்ல (கம்பைலர் மெமரிய காக்காத, நாமளே பார்த்துக்க வேண்டிய கோடு) கன்டெய்னர் எழுதறீங்கன்னா கொஞ்சம் நிதானமா படிங்க. நான் ஒரு ரிங் பஃபர் (கடைசி வந்ததும் திரும்ப முதல்ல இருந்து எழுதற பஃபர்) எழுதி, டிராப்ல ஒவ்வொண்ணா பாப் பண்ற லூப் வெச்சிருந்தேன். ஸ்டாண்டர்ட் லைப்ரரியோட ரிங் பஃபரான வெக்டெக் (VecDeque) அப்படி பண்றதில்ல, பஃபர் சுத்தி வந்திருந்தாலும் அதை முன் ஸ்லைஸ், பின் ஸ்லைஸ்னு ரெண்டா எடுத்து ரெண்டுக்கும் டிராப் இன் பிளேஸ் கூப்பிடுது. முன் ஸ்லைஸ்ல பேனிக் ஆனாலும் பின் ஸ்லைஸ் டிராப் ஆகணும்னு ஒரு கார்டும் வெச்சிருக்காங்க, அதை விட்டுடாதீங்க. ஸ்லைஸா குடுக்கும்போது டிராப் தேவையாங்கற கேள்விய அதுவே ஒரு தடவை கேட்டுக்கும், நாம நீட்ஸ் டிராப்னு அந்த கேள்விய கேக்கற பங்ஷனை எழுத வேண்டியதில்ல. ஹேஷ்மேப் மாதிரி நடுவுல நடுவுல காலி இடம் இருந்து ஒண்ணொண்ணா போக வேண்டிய டேட்டாவுக்குத்தான் லூப்புக்கு முன்னாடி நீட்ஸ் டிராப் கேக்கணும், இல்லன்னா ஒண்ணுமே பண்ணாத லூப்பை ஆப்டிமைசர் தூக்கும்னு நம்பிகிட்டு இருக்கணும். அது ஃபால்ஸ் சொன்னா நிச்சயமா டிராப் தேவையில்ல, ட்ரூ சொன்னா தேவைப்படலாம்னு மட்டும்தான் அர்த்தம்.

பாக்ஸுக்குள்ள பாக்ஸா சங்கிலி கட்டியிருந்தா பிரச்சனை வேகம் இல்ல, கிராஷ். தலை டிராப் ஆனா அது அடுத்ததை கூப்பிடும், அது அதுக்கு அடுத்ததை, ஏற்காடு ரோட்டு கொண்டை ஊசி வளைவு மாதிரி 20ல முடியாது, லட்சம் நோட் இருந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணா லட்சம் பங்ஷன் கால். ஸ்பான் பண்ண த்ரெட்டுக்கு டிஃபால்ட் ஸ்டாக் 2 எம்பிதான், நெறைஞ்சிடும். டிராப்ல ஒரு வைல் லூப் போட்டு, ஒவ்வொரு நோட்லயும் நெக்ஸ்ட்டை டேக் பண்ணி கழட்டிட்டு அதுக்கப்புறம் நோடை விடுங்க, சரியாயிடும்.

இவ்வளவு பண்ணியும் பெருசா மிச்சம் இருந்தா, டேட்டா செண்ட் (வேற த்ரெட்டுக்கு அனுப்பலாம்னு ரஸ்ட் அனுமதிக்கற) டைப்பா இருக்கற பட்சத்துல சேனல் வழியா வேற த்ரெட்டுக்கு அனுப்பி அங்க டிராப் பண்ணலாம். மொத்த வேலை குறையாது, ஸ்க்ரீன் நிக்காது, அவ்வளவுதான். அந்த த்ரெட் பின்தங்கினா சேனல்ல மெமரி ஏறிகிட்டே போகும், அதனால பவுண்டட் (இத்தனைதான் கொள்ளும்னு வரம்பு வெச்ச) சேனலா வைங்க, நெறைஞ்சிட்டா அனுப்பறவன் காத்திருக்கணும்கறதையும் கணக்குல வெச்சுக்கங்க.

கடைசியா ஒண்ணு. ப்ராசஸ் முடியும்போது எல்லாத்தையும் ஓஎஸ் எடுத்துக்கும்னு மெம் ஃபர்கெட், ப்ராசஸ் எக்ஸிட் போடறவங்க ஃபைல் எழுதறதை பார்த்துக்கங்க. டிராப் ஓடலன்னா, எழுத வேண்டியதை சேர்த்து வெச்சு எழுதற பஃப்ரைட்டர்ல மிச்சம் இருக்கறது டிஸ்க்குக்கு போகாது, டிராப் ஓடினாலும் அப்ப வர்ற எரரை அது சொல்லாம விட்டுடும், அதனால எடை சீட்டு மாதிரி காசு சம்பந்தப்பட்ட ஃபைலுக்கு நீங்களே ஃப்ளஷ் கூப்பிட்டு ரிசல்ட்டை செக் பண்ணுங்க.